கைக்கருவிகளால் ஓர் அஞ்சறைப்பெட்டி: மரம் வாங்குவது முதல் மூடி ஓடுவது வரை

வீட்டு மொட்டைமாடியிலோ பால்கனியிலோ தச்சு வேலை பழகத் தொடங்குபவர்கள் முதலில் கை வைப்பது பெரும்பாலும் ஸ்டூல் அல்லது புத்தக அலமாரி. இரண்டுமே மரத்தை நிறைய விழுங்குபவை. ஒரு மூட்டு கோணினால் மொத்தமும் ஆடும். அதைவிட நழுவு மூடி வைத்த ஒரு மர அஞ்சறைப்பெட்டி நல்ல பாடம். இழைப்பது, காடி (பலகையில் நீளமாக ஓடும் பள்ளம்) எடுப்பது, மூலை பூட்டுவது, பலகை ஒட்டுவது, பூச்சு என்று எல்லாம் இதில் வந்துவிடும். ஆகும் மரம் கொஞ்சம்தான்.

இந்த வேலையில் தவறு நடப்பது பெரும்பாலும் கைத்திறன் குறைவால் அல்ல, வரிசை மாறுவதால். நீளத்துக்கு அறுத்துவிட்டுப் பிறகு காடி எடுப்பது, பெட்டியை ஒட்டிவிட்டுப் பிறகு உள்பக்கம் தேய்ப்பது போன்றவை. கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் அளவுகள்

பெட்டியின் வெளி அளவு 250 × 170 × 70 மி.மீ. எல்லாம் இழைத்து முடித்த அளவுகள்:

- நீளப் பக்கம் 2: 250 × 70 × 10
- குறுக்குப் பக்கம் 2: 160 × 70 × 10
- அடிப்பலகை 1: 237 × 156 × 6 (ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடும் திசை, நீளவாக்கில்)
- மூடி 1: 236 × 157 × 5.7 (ரேகை குறுக்குவாக்கில், காரணம் 5-ஆம் படியில்)
- குறுக்குத் தடுப்பு 2: 150 × 45 × 6
- நெடுக்குத் தடுப்பு 1: 164 × 45 × 6

உள்ளே ஓர் ஓரத்தில் வற்றல் மிளகாய்க்கு 150 × 62 மி.மீ. நீள அறை ஒன்று. மீதி இடத்தில் 78 × 72 மி.மீ. அளவில் நான்கு அறைகள்.

## 1. மரம் வாங்குதல்

பலா அல்லது தேக்கு. முதல் பெட்டிக்குப் பலாவையே சொல்வேன். உளிக்கு இணங்கும், பசை நன்றாகப் பிடிக்கும். தேக்கு நிலையான மரம்தான். ஆனால் அதில் உள்ள சிலிக்கா உளியின் கூர்மையைச் சீக்கிரம் மழுக்கும், அதன் எண்ணெய்ப்பசை ஒட்டுக்கு இடைஞ்சல். இடித்த வீட்டுச் சாமான் விற்கும் பழைய மரக்கடைகளில் கிடைக்கும் நிலைச்சட்டத் தேக்கு நன்றாகக் காய்ந்திருக்கும். ஆனால் அறுக்கும் முன் காந்தத்தை வைத்து முழு நீளமும் தடவிப் பாருங்கள். பாதியில் முறிந்து உள்ளே நிற்கும் ஒரே ஒரு ஆணி போதும், இழைப்புளி அலகில் பல் விழும்.

பேக்கிங் பலகை பழகுவதற்கு நல்லது, சமையல் பொருள் வைக்கும் பெட்டிக்கு வேண்டாம். பழகுவதற்கானாலும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகையிட்டது, அதைத் தொடவே வேண்டாம்.

கடையில் நூல் கணக்கில் பேசுவார்கள். 8 நூல் ஓர் அங்குலம், ஆகவே ஒரு நூல் ஏறத்தாழ 3 மி.மீ. உங்களுக்குத் தேவை இரண்டே துண்டுகள்:

- 4 நூல் தடிமன், 75 மி.மீ. அகலம், 1 மீட்டர் நீளம்: நான்கு பக்கங்களுக்கு
- 3 நூல் தடிமன், 90 மி.மீ. அகலம், 1.75 மீட்டர் நீளம்: அடி, மூடி, தடுப்புகளுக்கு

கடையில் பிளானர் மெஷின் (இழைக்கும் இயந்திரம்) இருந்தால் முதல் துண்டை 10.5 மி.மீ.க்கும் இரண்டாவதை 6.5 மி.மீ.க்கும் ஓட்டித் தரச் சொல்லுங்கள். மெல்லிய பலகையைக் கையால் 9-இலிருந்து 6-க்கு இறக்குவது புதியவருக்குத் தண்டனை.

பலகையின் வெட்டுமுகத்தை (ரேகைக்குக் குறுக்கே அறுத்த நுனியை) பார்த்து வாங்குங்கள். ஆண்டு வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்கு நேர்குத்தாக நின்றால் அது குறைவாகக் கோணும். கோடுகள் வில்லாக வளைந்து படுத்திருந்தால் பலகை கிண்ணம் போல் குழியும். கணு உள்ள இடத்தையும், ஓரத்தில் வெளிறிய பகுதியையும் ஒதுக்குங்கள். பூச்சி முதலில் விழுவது அந்த வெள்ளையில்தான்.

வாங்கிய அன்றே வேலை தொடங்க வேண்டாம். பலகைகளுக்கு இடையே குச்சி வைத்து அடுக்கி, வீட்டுக்குள் நிழலில் இரண்டு மூன்று வாரம் விடுங்கள். மரம் அந்த வீட்டுக் காற்றின் ஈரத்துக்குப் பழக வேண்டும். வெயிலில் காயப்போட்டால் ஒரு முகம் மட்டும் சுருங்கி முறுக்கும்.

## 2. கருவிகள்

இவை இல்லாமல் தொடங்காதீர்கள்:

- இழைப்புளி ஒன்று (இரும்போ மரமோ, 4-ஆம் எண் அளவு)
- உளி 6, 12, 18 மி.மீ.; கொட்டாப்புளி (மரச் சுத்தியல்)
- முதுகில் பட்டை வைத்த, நெருக்கமான பல் உள்ள சிறு ரம்பம்
- 150 மி.மீ. மூலைமட்டம், மார்க்கிங் கேஜ் (விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும் கருவி), கூரான கத்தி
- 300 மி.மீ. எஃப் கிளாம்ப் நான்கு
- சாணைக்கல், 1000 கிரிட்டும் அதைவிட நயமான இன்னொன்றும்
- டிரிம்மர் ரவுட்டர் (காடி எடுக்கும் சிறு மின்கருவி), 6 மி.மீ. நேர் பிட், பக்க கைடு
- 3 மி.மீ. துளைபிட்

டிரிம்மர் மட்டும் விதிவிலக்கு, அது இல்லாவிட்டாலும் காடி எடுக்கலாம். மார்க்கிங் கேஜால் இரு கோடு ஆழமாகக் கீறி, 6 மி.மீ. உளியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கோரி எடுக்க வேண்டும். ஒரு முழு நாள் போகும், ஆனாலும் நன்றாகவே வரும்.

பென்சிலுக்குப் பதில் கத்தி ஏன்? பென்சில் கோட்டுக்கே அரை மி.மீ. தடிமன் உண்டு. கத்தி மேல் நாரை வெட்டிவிடுவதால் ரம்பம் அறுக்கும்போது விளிம்பு பிய்யாது. உளியின் கூரும் அந்தக் கீறலில் தானாக உட்காரும்.

மேஜை ஆடக் கூடாது. ஆடும் மேஜையில் இழைத்தால் பாதி விசை மேஜைக்கே போகும். சுவரோடு ஒட்டிப் போட்டு, சுவரை நோக்கித் தள்ளி இழையுங்கள்.

மரத்தூளுக்கு முகக்கவசம் கட்டாயம். தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தும்மலும் தரும். டிரிம்மர் ஓடும்போது கண்ணாடியும் காதடைப்பும் சேர்த்துப் போடுங்கள்.

## 3. தீட்டுதல்

கடையிலிருந்து வந்த உளி வேலைக்குத் தயாரானது அல்ல. முதலில் அதன் தட்டையான முதுகை, கூர் முனையிலிருந்து 20 மி.மீ. தூரம் வரை, கல்லில் சமமாகப் படியவைத்துத் தேயுங்கள். பளபளப்பு முனை வரை ஒரே சீராக வர வேண்டும். முதுகு தட்டையாக இல்லாத உளி, எவ்வளவு தீட்டினாலும் நேராக வெட்டாது.

பிறகு சரிவை 25 முதல் 30 பாகைக்குள் வைத்துத் தேயுங்கள். முதுகுப்பக்கம் விரலால் தடவினால் மெல்லிய பிசிர் தட்டுப்பட வேண்டும். அது விளிம்பு முழுக்க வராமல் நயமான கல்லுக்கு மாறாதீர்கள். பிசிர் வராத இடம் இன்னும் மழுங்கல்தான். கடைசியில் நயக்கல்லில் முதுகையும் சரிவையும் மாற்றி மாற்றி இழுத்துப் பிசிரை நீக்குங்கள்.

கூர் பார்க்க நகமோ தாளோ வேண்டாம். மென்மரத் துண்டின் வெட்டுமுகத்தை உளியால் சீவுங்கள். பளபளவென்ற சுருள் வந்தால் கூர். பொடிந்தாலோ வெள்ளையாக நசுங்கினாலோ மறுபடி கல்லுக்கு. “மரம் சரியில்லை” என்று சொல்லப்படுகிற பல இடங்களில் சரியில்லாதது கூர்தான்.

## 4. முதல் முகம், முதல் விளிம்பு

நாலு மூலைக்கும் நாலு அளவு எடுப்பது பொதுவான தவறு. ஒரு முகத்தையும் ஒரு விளிம்பையும் நேராக்கி, அவற்றிலிருந்தே எல்லாக் கோடும் கீற வேண்டும்.

1 மீட்டர் பலகையை எடுத்து, ஒரு முகத்தை இழையுங்கள். பிளானர் விட்ட அலைகள் போனால் போதும். பிய்ந்து வந்தால் பலகையைத் திருப்பி எதிர்ப்பக்கமிருந்து இழையுங்கள். ரேகை மேலேறும் திசையில் இழைப்புளி போக வேண்டும். எஃகு ஸ்கேலை நெடுக்கவும் குறுக்கவும் மூலைவிட்டத்திலும் வைத்து, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். இதுவே முதல் முகம். பென்சிலால் ஒரு சுழி போடுங்கள்.

அடுத்து ஒரு விளிம்பை இழைத்து, முதல் முகத்துக்கு மூலைமட்டம் வைத்து 90 பாகை பாருங்கள். இது முதல் விளிம்பு; பெட்டியின் அடிப்பக்கம் இதுதான். இதிலிருந்து கேஜை 70 மி.மீ. வைத்து எதிர் விளிம்பைக் கீறி, அந்தக் கோடு வரை இழையுங்கள்.

சுழி போட்ட முகம் பெட்டியின் உள்பக்கமாக வரும். காடிகள் அந்த முகத்தில்தான் விழும், அளவுகள் எல்லாம் அங்கிருந்தே பிறக்கின்றன. வெளிமுகம் கடைசியில் எப்படியும் இழைக்கப்படும்.

## 5. அடியும் மூடியும் ஒட்டுதல்

இதை இப்போதே செய்துவிடுங்கள். மற்ற வேலை நடக்கும் நேரத்தில் இவை காயும்.

மெல்லிய பலகையை இரண்டு பகுதிகளுக்கும் வேறு வேறு விதமாக அறுக்க வேண்டும். அடிக்கு 245 மி.மீ. நீளத் துண்டு இரண்டு, பக்கவாட்டில் சேர்ந்து 160-க்கு மேல் அகலம். மூடிக்கு 165 மி.மீ. நீளத் துண்டு மூன்று, சேர்ந்து 240-க்கு மேல். அதாவது மூடியின் ரேகை பெட்டியின் குறுக்கே ஓடும்.

காரணம் இது. மரம் ரேகைக்குக் குறுக்கேதான் விரிந்து சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. தேக்கின் ஈரம் 4 சதவீதம் கூடினால் 157 மி.மீ. அகலம் 1 மி.மீ.க்குச் சற்று மேல் விரியலாம். மூடியின் ரேகையை நீளவாக்கில் வைத்தால் ஐப்பசி மழையில் அந்த விரிவு இரு பக்கக் காடிகளிலும் போய் முட்டும், மூடி இறுகும். குறுக்கே வைத்தால் விரிவு முன்னும் பின்னும் போகும். அங்கே நாம் இடைவெளி விட்டிருப்போம். அடிப்பலகை நகர வேண்டியதில்லை என்பதால் அதற்குக் குறைந்த அகலமே நல்லது, ஆகவே நீளவாக்கு ரேகை.

ஒட்டும் விளிம்புகளை ஜோடி ஜோடியாக இழையுங்கள். இரு பலகையையும் புத்தகம் மூடியது போல் முகத்தோடு முகம் சேர்த்துப் பிடித்து, இரு விளிம்பையும் ஒன்றாக இழைத்தால், இழைப்புளி ஒரு பாகை சாய்ந்திருந்தாலும் விரித்து வைக்கும்போது அந்தச் சாய்வுகள் ஒன்றையொன்று ஈடுசெய்து தட்டையாக நிற்கும்.

தேக்கு என்றால் விளிம்பை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்ந்ததும் தாமதிக்காமல் ஒட்டுங்கள். மறுநாள் வரை விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வரும்.

6 மி.மீ. பலகையைக் கிளாம்பால் இறுக்கினால் நடுவில் எழும்பி வில்லாகும். மாஸ்கிங் டேப் போதும். இணைப்புக்குக் குறுக்கே 40 மி.மீ.க்கு ஒரு டேப், நன்றாக இழுத்து ஒட்டுங்கள். திருப்பி, விளிம்பில் பசை தடவி மூடி, மறுபக்கமும் டேப். மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, தட்டையான பலகை வைத்து, அதன்மேல் இரண்டு செங்கல். ஓர் இரவு.

## 6. காடி

இப்போதும் 1 மீட்டர் பலகையை அறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 160 மி.மீ. துண்டின் மேல் டிரிம்மர் தள்ளாடும். துண்டுக்குத் துண்டு காடி மாறும். முழுப் பலகையில் எடுத்தால் நான்கு பக்கமும் ஒரே கோட்டில் வரும்.

உள்முகத்தில் இரண்டு காடி: கீழ் விளிம்பிலிருந்து 6 மி.மீ. தள்ளி ஒன்று, மேல் விளிம்பிலிருந்து 6 மி.மீ. தள்ளி ஒன்று. இரண்டும் 6 மி.மீ. அகலம், 4 மி.மீ. ஆழம். பக்க கைடை ஒரே ஒரு முறை வைத்தால் போதும். முதலில் கழிவு மரத்தில் ஓட்டி அளந்து பாருங்கள்.

ஆழத்தை ஒரே ஓட்டத்தில் எடுக்காதீர்கள். 2 மி.மீ. ஒரு முறை, மறு 2 மி.மீ. இன்னொரு முறை. கைடு உங்கள் பக்க விளிம்பில் இருக்க, டிரிம்மரை இடமிருந்து வலமாகத் தள்ளுங்கள். அப்போது பிட்டின் சுழற்சி கைடைப் பலகையோடு இழுத்து ஒட்டவைக்கும். வலமிருந்து இடமாகப் போனால் கைடு விலகிக் காடி வளையும். இந்த ஒரு தவறில் பலகையே வீணாகிவிடும்.

காடியின் அடி சொரசொரப்பாக இருந்தால் 6 மி.மீ. உளியைப் படுக்கவைத்துச் சுரண்டிவிடுங்கள்.

## 7. நீளத்துக்கு அறுத்தல்

வரிசை: 250, 160, 250, 160. இப்படி அடுத்தடுத்து எடுத்தால் ரேகை பெட்டியைச் சுற்றி ஓடும். மூன்று மூலைகளில் தொடரும், நான்காவதில் மட்டும் முறியும். முதலில் வரும் 160 துண்டை முன்பக்கமாகவும் கடைசித் துண்டைப் பின்பக்கமாகவும் வைத்தால் முறிவு பின்னால் மறையும். துண்டுகளின் மேல் விளிம்பில் 1, 2, 3, 4 என்று எழுதிவிடுங்கள்.

ஒவ்வொன்றையும் 1 மி.மீ. அதிகமாக அறுத்து, வெட்டுமுகத்தை இழைத்துக் கோட்டுக்கு வாருங்கள். வெட்டுமுகம் இழைக்கும்போது கடைசி விளிம்பு பிய்யும். பின்னால் ஒரு கழிவு மரத்தை முட்டுக்கொடுங்கள்.

இங்கே முக்கியம் 250 சரியாக 250-ஆக இருப்பது அல்ல. இரண்டு நீளப் பக்கங்களும் ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். இரண்டு குறுக்குப் பக்கங்களும் அப்படியே. ஜோடியை ஒட்டி நிறுத்தி விரல்நுனியால் தடவுங்கள். ஸ்கேலுக்குத் தெரியாத வித்தியாசம் விரலுக்குத் தெரியும்.

## 8. மூலைப் படிவெட்டு

நீளப் பக்கங்களின் இரு நுனிகளிலும், உள்முகத்தில், 10 மி.மீ. அகலம் 5 மி.மீ. ஆழத்துக்கு ஒரு படி வெட்ட வேண்டும். குறுக்குப் பக்கம் அதில் உட்காரும்.

அகலத்தை ஸ்கேலால் அளக்காமல், குறுக்குப் பக்கத் துண்டையே நுனியில் நிறுத்தி, அதன் ஓரத்தில் கத்தியால் கீறுங்கள். துண்டு 9.8 இருந்தாலும் 10.3 இருந்தாலும் பொருந்தும். ஒரு மயிரிழை கூட்டியே கீறலாம். துருத்தும் நுனியைக் கடைசியில் இழைத்துவிடலாம், உள்ளே போய்விட்டால் மீட்க முடியாது.

ஆழம் 5 என்பதற்குக் காரணம் உண்டு. காடியின் ஆழம் 4. படி அதைவிட 1 மி.மீ. ஆழமாக இருப்பதால், நீளப் பக்கக் காடியின் நுனி படிக்குள்ளேயே முடிந்துவிடும். வெளியே சதுர ஓட்டை தெரியாது. படியை 4-க்குக் குறைவாக வெட்டினால் பெட்டியின் நான்கு மூலையிலும் ஓட்டை எட்டிப் பார்க்கும்.

கீறலின் கழிவுப் பக்கத்தில் உளியால் சிறு சரிவு எடுத்து, அதில் ரம்பத்தை வைத்து 5 மி.மீ. கோடு வரை அறுங்கள். பிறகு நுனியிலிருந்து உளியால் அடுக்கடுக்காகப் பிளந்தெடுங்கள். முதல் தட்டு கோட்டில் வேண்டாம். பாதி ஆழத்தில் தட்டி, ரேகை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள். உள்நோக்கி இறங்கினால் பிளக்காமல் குறுக்காகச் சீவுங்கள்.

## 9. முன்பலகையைப் பிரித்தல்

முன்பக்கத் துண்டை மேல் காடியின் கீழ் விளிம்பை ஒட்டி, காடிக்கு வெளியே, நீளவாக்கில் அறுக்க வேண்டும். அடியிலிருந்து அது 58 மி.மீ. உயரம். கீழ்த்துண்டு பெட்டியின் முன்சுவர். 12 மி.மீ. உயர மேல்துண்டு மூடியின் முகப்பு. காடியின் மிச்சம் மேல்துண்டில் ஒரு படியாக நிற்கும். மூடியின் விளிம்பு அதில்தான் ஒட்டப்படும்.

ரம்பம் தின்னும் தடிமன் கீழ்த்துண்டின் கணக்கில் போகட்டும். அங்கே விழும் 1 மி.மீ. சந்து மூடி உரசாமல் ஓட உதவும். மேல்துண்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். சிறு கட்டை என்று குப்பையோடு போய்விடும். பிறகு அதே ரேகை கிடைக்காது.

## 10. பசையில்லாமல் பூட்டிப் பார்த்தல்

அடிப்பலகையை 237 × 156-க்கு அறுத்து இழையுங்கள். அதற்கான இடம் 238 × 158. அகலத்தில் விட்ட 2 மி.மீ. மழைக்காலத்துக்கு. மழையிலேயே செய்கிறீர்கள் என்றால் மரம் ஏற்கெனவே விரிந்திருக்கும், 157 வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் பூட்டி நான்கு கிளாம்பும் போடுங்கள், அகலத்துக்கு இரண்டு, நீளத்துக்கு இரண்டு. மூலைவிட்டம் இரண்டையும் அளங்கள். 302 மி.மீ. அருகில் வரும், இரண்டுக்கும் வித்தியாசம் அரை மி.மீ.க்குள் இருக்க வேண்டும். மூலையில் சந்து தெரிந்தால் இறுக்கி மூடப் பார்க்காதீர்கள். படியின் உள்மூலையில் துரும்பு நிற்கிறதா, அடிப்பலகை காடியின் அடியில் முட்டுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

சரியானதும் பிரித்து, உள்முகங்களை மட்டும் 180, பிறகு 240 எண் உப்புத்தாளால் தேய்த்து, 15-ஆம் படியில் சொல்லும் பூச்சை ஒரு கை இப்போதே கொடுங்கள். பசை படும் இடங்களை டேப்பால் மூடிக்கொள்ளுங்கள். ஒட்டிய பிறகு உள்மூலையில் உப்புத்தாள் நுழையாது. பூச்சு இருந்தால் வழியும் பசையும் மரத்தில் ஊறாமல் உரிந்து வரும்.

## 11. ஒட்டுதல்

தண்ணீர் தாங்கும் வகை மரப்பசை நல்லது, ஃபெவிகால் மரைன் போல. கோடையில் 10 நிமிடத்துக்குள் தோல் கட்டத் தொடங்கும். ஆகவே கிளாம்புகளைச் சரியான அகலத்துக்குத் திறந்து, ஈரத்துணியும் மூலைமட்டமும் பக்கத்தில் வைத்துக்கொண்ட பிறகே பசை டப்பாவின் மூடியைத் திறங்கள்.

படியின் இரு பரப்பிலும் மெல்லிய பூச்சு. குறுக்குப் பக்கத்தின் வெட்டுமுகத்தில் முதலில் ஒரு கை தடவி, ஒரு நிமிடம் விட்டு, இரண்டாம் கை. வெட்டுமுகம் பசையை உறிஞ்சிவிடும். ஒரே கை என்றால் இணைப்பு வறண்டு நிற்கும்.

அடிப்பலகையின் காடியில் பசை வேண்டாம். குறுக்குப் பக்கங்களின் நடுவில் மட்டும் ஒரு பொட்டு, பலகை ஒரு பக்கமாக ஒதுங்காமல் இருக்க. சுற்றிலும் ஒட்டினால் விரிய இடமில்லாமல் பெட்டியின் மூலையைத் திறக்கும், அல்லது சுருங்கும்போது நடுவில் பிளக்கும்.

முன்சுவர் தாழ்ந்திருப்பதால் கிளாம்பு அந்த இடத்தில் நீளப் பக்கங்களை உள்ளே சாய்க்கப் பார்க்கும். சரியாக 150 மி.மீ. நீளமுள்ள கழிவுக் கட்டையை மேல்புறம் உள்ளே நிறுத்திவிட்டு இறுக்குங்கள். மறுபடி மூலைவிட்டம் பாருங்கள். நீளமாக இருக்கும் மூலைவிட்டத்தின் பக்கம் கிளாம்பைச் சற்றுச் சாய்த்து வைத்தால் சரியாகும். ஓர் இரவு விடுங்கள்.

## 12. மூங்கில் ஆணி

பசை காய்ந்த பிறகு, நீளப் பக்கத்தின் வெளியிலிருந்து, நுனிக்கு 5 மி.மீ. உள்ளே, அடியிலிருந்து 22, 46 மி.மீ. உயரங்களில், 3 மி.மீ. துளை 22 மி.மீ. ஆழத்துக்கு. இந்த உயரங்களில் காடி குறுக்கிடாது. கபாப் குத்தும் மூங்கில் குச்சி ஏறத்தாழ இதே தடிமன். நுனியைச் சற்றே கூராக்கி, பசை தொட்டு, மெதுவாகத் தட்டுங்கள். சத்தம் மந்தத்திலிருந்து கெட்டியாக மாறியதும் நிறுத்துங்கள், அதற்கு மேல் அடித்தால் மரம் பிளக்கும். மிச்சத்தை அறுத்து உளியால் சமன் செய்யுங்கள்.

இரும்பாணி வேண்டாம். உப்பும் புளியும் புழங்கும் சமையலறையில் துரு கறுப்பாக மரத்தில் இறங்கும்.

## 13. மூடி

மூடிப் பலகையை 5.7 மி.மீ. தடிமனுக்கு இழையுங்கள், 6 மி.மீ. காடியில் ஓட அந்த இடைவெளி வேண்டும். அகலம் 157, காடி அடிகளுக்கு நடுவே உள்ளதைவிட 1 மி.மீ. குறைவு. நீளம் 236, பின்காடியில் 2 மி.மீ. விரிவுக்கு இடம். பெட்டியில் தள்ளிப் பாருங்கள். எங்கே உரசுகிறது என்று தெரியாவிட்டால் காடியின் உள்ளே பென்சில் பூசித் தள்ளுங்கள். கருமை ஒட்டிய இடத்தை மட்டும் ஒரு சீவல் எடுங்கள்.

முகப்புத் துண்டை 159.5 மி.மீ.க்குக் குறைத்து, அதன் படியில் மூடியின் முன்விளிம்பை ஒட்டுங்கள், இரு புறமும் சமமாக நீட்டி நிற்குமாறு. மூடியின் ரேகையும் முகப்பின் ரேகையும் ஒரே திசை, எனவே முழு நீளமும் பசை போடலாம்; பிளக்காது. பெட்டிக்குள் வைத்தே ஒட்டாதீர்கள். வழியும் பசை காடியில் இறங்கி மூடியும் பெட்டியும் ஒன்றாகிவிடும்.

## 14. தடுப்புகள்

நெடுக்குத் தடுப்பில், ஒரு நுனியிலிருந்து 80 முதல் 86 மி.மீ. வரை, மேலிருந்து 23 மி.மீ. ஆழத்துக்கு ஒரு வெட்டு. ஒரு குறுக்குத் தடுப்பின் நடுவில், 72 முதல் 78 வரை, கீழிருந்து அதே ஆழம். மற்றக் குறுக்குத் தடுப்பின் நடுவில் 6 மி.மீ. அகலத்தில் 2 மி.மீ. ஆழக் காடி. நெடுக்குத் தடுப்பின் 80 மி.மீ. பக்க நுனி அதில் உட்காரும்.

வெட்டின் அகலத்தை மற்றத் துண்டை மேலே வைத்தே கீறுங்கள். இறுக்கமாக இருந்தால் வெட்டை அகலப்படுத்தாமல், நுழையும் பலகையை ஒரு சீவல் இழையுங்கள். உளியால் அகலப்படுத்தும்போது எப்போதும் ஒரு பக்கம் அதிகம் போய்விடும்.

மூன்றையும் ஒன்றோடொன்று ஒட்டுங்கள், பெட்டியோடு ஒட்ட வேண்டாம். கட்டைவிரலால் அழுத்தினால் இறங்கும் இறுக்கம் வைத்து, குறுக்குத் தடுப்புகளின் நுனியை இழைத்துச் சரிசெய்யுங்கள். தடுப்பின் நீளமும், பெட்டியின் உள்அகலத்தைத் தீர்மானிக்கும் குறுக்குப் பக்கத்தின் நீளமும் ரேகைவாக்கில் உள்ளவை. அதனால் எந்தப் பருவத்திலும் இந்த இறுக்கம் மாறாது. கடுகு மூலையில் சிக்கினால் மொத்தத்தையும் தூக்கிவிட்டுத் துடைக்கலாம்.

## 15. பூச்சு

வெளிமுகங்களை இழைத்துச் சமன் செய்து, 180, 240, 320 எண் உப்புத்தாளை ரேகைவாக்கில் தேயுங்கள். எண் தாவினால் முந்தைய கீறல் போகாது, பூச்சு போட்டதும் தெரியும்.

நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் தடவிவிடுவது பரவலான பழக்கம். அவை காய்ந்து கெட்டிப்படாதவை; மாதங்களில் சிக்கு வாடை பிடித்து மசாலாவில் ஏறும். கடையில் கிடைக்கும் பிரெஞ்ச் பாலிஷ், வார்னிஷ் எதையும் உள்ளே போடாதீர்கள். அரக்குச் செதில் வாங்கி, 100 மி.லி. ஸ்பிரிட்டில் 15 கிராம் போட்டு, இடையிடையே குலுக்கி ஓர் இரவு விட்டு, மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். பருத்தித் துணியை உருட்டி, அதில் நனைத்து, ஒரே திசையில் ஒரு முறை மட்டும் இழுத்துவிட்டு நகருங்கள். திரும்பப் போனால் பாதி காய்ந்த பூச்சு இழுபட்டுக் கோடு விழும். ஒரு மணி நேரம் காயவிட்டு அடுத்த கை. வெளியே நான்கு, உள்ளே மொத்தம் இரண்டு.

மழை நாளில் பூசாதீர்கள். காற்றின் ஈரம் பூச்சுக்குள் அடைபட்டு வெள்ளையாகப் படரும். ஸ்பிரிட் ஆவி தீப்பிடிக்கும், மூச்சுக்கும் ஆகாது. ஜன்னலைத் திறந்துவையுங்கள், அடுப்பு இருக்கும் அறையில் வேலை வேண்டாம்.

காடிக்குள் அரக்கு வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். அங்கேயும் மூடியின் இரு நுனியிலும் தேன்மெழுகைக் காய்ந்தபடியே தேய்த்துவிடுங்கள். பெட்டியை ஒரு வாரம் திறந்தே வைத்து, ஸ்பிரிட் வாடை முழுக்கப் போனபின் மசாலா போடுங்கள். மஞ்சள் எப்படியும் அதன் அறையைச் சாயமேற்றும். அதற்கென்று ஓர் அறையை ஒதுக்கிவிடுவதே வழி.

## 16. மூடி சிக்கினால்

முதல் மழைக்காலத்தில் இது வரலாம். உடனே உப்புத்தாளை எடுக்காமல் எங்கே சிக்குகிறது என்று பாருங்கள்.

தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே சீராக இறுக்கமென்றால் மூடியின் தடிமன் விரிந்திருக்கிறது. இரு நுனிகளின் அடிப்பக்கத்தில், காடிக்குள் போகும் 4 மி.மீ. அகலத்துக்கு மட்டும், இழைப்புளியால் ஒரு சீவல் எடுத்து மெழுகு தேயுங்கள். மேல்பக்கத்தைத் தொட்டால் பூச்சு போகும்.

கடைசி 20, 30 மி.மீ.யில் மட்டும் சிக்கினால் நீளப் பக்கங்கள் பின்னால் நெருங்கியிருக்கின்றன. 11-ஆம் படியில் பெட்டி கோணியபடி ஒட்டியிருக்கும். மூடியின் பின்பகுதியை இரு புறமும் அரை மி.மீ. சாய்வாகச் சீவுங்கள்.

முகப்பு மட்டும் முன்னே துருத்தி நின்று உள்ளே போக மறுத்தால், பின்காடியில் விட்ட 2 மி.மீ. தீர்ந்துவிட்டது என்று பொருள். மூடியை வெளியே எடுத்து, பின்விளிம்பில் ஒரு மி.மீ. இழையுங்கள். வெயில் வந்ததும் செய்துகொள்ளலாம் என்று விட்டால் மூடி சுருங்கிவிடும், எவ்வளவு எடுக்க வேண்டும் என்று தெரியாது. ஆகவே இந்தத் திருத்தத்தை மழையிலேயே செய்யுங்கள்.